என்ரிக்கே வீடு திரும்பினாரா?

1521 மார்ச் 28, வியாழக்கிழமை காலை. இன்றைய பிலிப்பைன்ஸில் லிமசாவா என்ற குட்டித் தீவுக்கு அருகே மெகல்லனின் கப்பல்கள் நங்கூரம் போட்டு நிற்கின்றன. சின்னப் படகு ஒன்றில் எட்டுப் பேர் வருகிறார்கள். கப்பலிலிருந்து ஒருவர் அவர்களோடு பேசுகிறார். அவர் பெயர் என்ரிக்கே, மெகல்லனின் அடிமை. அவர் பேசுவது படகில் இருப்பவர்களுக்கு உடனே புரிந்துவிடுகிறது. ஆனாலும் கப்பலில் ஏறத் தயங்கிக் கொஞ்சம் தள்ளியே நிற்கிறார்கள். சிவப்புத் தொப்பி ஒன்றையும் வேறு சில சாமான்களையும் ஒரு மரத்துண்டில் கட்டி அவர்கள் பக்கம் எறிகிறார் மெகல்லன். அதை எடுத்துக்கொண்டு தங்கள் அரசரிடம் சொல்ல ஓடுகிறார்கள்.

கப்பலில் வந்த இத்தாலியர் அந்தோனியோ பிகஃபெட்டா எழுதிவைத்த குறிப்பு இது. அவருக்கு இது வழியில் நடந்த நூறு சம்பவங்களில் ஒன்று. என்ரிக்கேயின் இடத்தில் நின்று யோசித்தால் கதையே வேறு. மலாக்காவிலிருந்து மேற்கே ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகப்பட்டவர், ஐரோப்பாவிலிருந்து இன்னும் மேற்கே கப்பலேற்றப்பட்டு, பசிபிக்கைக் கடந்து, கடைசியில் தனக்குத் தெரிந்த மொழி புரிகிற மனிதர்களைச் சந்திக்கிறார். உலகத்தைச் சுற்றி வந்த முதல் மனிதர் இவராக இருக்கலாம் என்று சொல்லும் பேச்சு இந்தக் காலையிலிருந்துதான் தொடங்குகிறது.

இந்தப் பேச்சைக் கையில் எடுத்து 35 ஆண்டுகள் படமாக்கிக்கொண்டிருந்தார் பிலிப்பைன்ஸ் இயக்குநர் கிட்லாட் தஹிமிக். 'பாலிக்பாயன் எண் 1' என்ற அந்தப் படம் 2015இல் பெர்லின் திரைப்பட விழாவின் ஃபோரம் பிரிவில் திரையிடப்பட்டு, கலிகாரி விருதைப் பெற்றது. வெளிநாட்டில் பிழைத்துவிட்டு ஊர் திரும்பும் பிலிப்பைன்ஸ்காரரைத்தான் பாலிக்பாயன் என்பார்கள். லட்சக்கணக்கானோர் வெளிநாடுகளில் வேலை பார்க்கும் நாட்டில் இது எல்லார் வீட்டிலும் புழங்கும் சொல். அந்தச் சொல்லின் முதல் உரிமையாளர் 1521இல் வந்த ஓர் அடிமை என்கிறது படம்.

காலனி ஆட்சியே வராமல் இருந்திருந்தால் நம் நாடு எப்படி இருந்திருக்கும்? அடிமைப்பட்ட எல்லா நாட்டுக்காரர்களும் ஒருமுறையாவது கேட்டுப் பார்த்த கேள்வி இது. பிலிப்பைன்ஸில் அது இன்னும் கூர்மையாக எழுகிறது. 1565இலிருந்து 1898 வரை ஸ்பெயின் ஆண்டது. அந்த ஆண்டு டிசம்பரில் பாரிஸ் ஒப்பந்தப்படி 2 கோடி டாலர் வாங்கிக்கொண்டு தீவுகளை அமெரிக்காவிடம் கொடுத்தது. 1946 வரை அமெரிக்கா, நடுவில் மூன்று ஆண்டுகள் ஜப்பான். முந்நூறு ஆண்டு கன்னிமாடத்தில் இருந்தோம், ஐம்பது ஆண்டு ஹாலிவுட்டில் இருந்தோம் என்று மணிலாவில் ஒரு சொலவடையே உண்டு. இதற்கெல்லாம் முன்னால் இருந்த நாட்டைச் சினிமாவில் எப்படிக் காட்டுவது என்பதுதான் இங்கே பிரச்சினை. கிட்லாட் அதற்குக் கண்ட வழியைத்தான் ஆராயப் போகிறேன்.

பெயரிலேயே தொடங்கும் சிக்கல்

காலனி வராத பிலிப்பைன்ஸ் என்று சொல்ல வாயெடுக்கும்போதே வாக்கியம் இடறுகிறது. பிலிப்பைன்ஸ் என்ற பெயரே ஸ்பெயின் இளவரசர் ஃபெலிப்பேயின் பெயர். 1543இல் வில்லலோபோஸ் இரண்டு தீவுகளுக்குச் சூட்டிய அந்தப் பெயர், பிறகு தீவுக்கூட்டம் முழுவதற்கும் பரவியது. அதற்கு முன் அங்கே ஒரே நாடு என்று எதுவும் கிடையாது. பரங்காய் எனப்படும் சிற்றூர்க் குழுக்கள், செபுவிலும் புத்துவானிலும் தொண்டோவிலும் சிற்றரசர்கள், தெற்கே சூலுவில் ஒரு சுல்தான். லகுனாவில் 1989இல் கிடைத்த செப்பேடு கி.பி. 900ஐச் சேர்ந்தது. காவி என்ற பழைய ஜாவா எழுத்தில், சமஸ்கிருதச் சொற்கள் கலந்த பழைய மலாயில், ஒருவரின் பொன் கடன் தீர்ந்துவிட்டது என்று பத்திரம் எழுதித் தருகிறது. அங்கே எழுத்தும் சட்டமும் கணக்குவழக்கும் இருந்தன என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். ஆனால் அதிலிருந்து 'நம் பழைய நாடு' என்று ஒரு படத்தை வரைந்துவிட முடியாது.

முடியாததை முடிந்ததாகச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கும் அங்கேயே உதாரணம் இருக்கிறது. தீவுகள் முழுவதையும் ஒரே அரச குடும்பம் ஆண்டது, அவர்களிடம் டன் டன்னாகத் தங்கம் இருந்தது என்று தல்லானோ தங்கக் கதை ஒன்று சமூக ஊடகங்களில் பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. முழுப் பொய். முன்னாள் சர்வாதிகாரி மார்க்கோஸ் குடும்பத்தின் செல்வத்துக்கு விளக்கம் சொல்லவும் அந்தக் கதை பயன்பட்டது. இழந்த பொற்காலத்துக்காக ஏங்கும் மனதில் யார் வேண்டுமானாலும் எதையும் விற்கலாம் போலிருக்கிறது.

நாட்டின் பெயரையே மகார்லிகா என்று மாற்றலாம் என்ற யோசனையும் இதே ஏக்கத்தில் பிறந்ததுதான். 1978இல் அதற்கு மசோதா வந்தது. 2019இல் அதிபர் துதெர்தே மறுபடி அந்தப் பேச்சை எடுத்தார். ராஜ கம்பீரம் உள்ள பெயர் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அந்தச் சொல்லின் வழியே வேறு. சமஸ்கிருத 'மகர்த்திக'விலிருந்து வந்தது அது. மலாயில் அதே சொல்தான் 'மெர்டேகா', விடுதலை. டச்சுக்காரர்களின் படாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) விடுவிக்கப்பட்ட அடிமைகளுக்கு 'மார்தைக்கர்' என்று பெயர், அதுவும் இதே வேர்தான். 16ஆம் நூற்றாண்டில் மணிலாப் பகுதியின் தகலாக் சமூகத்தில் மகார்லிகா என்றால் தலைவனுக்குப் போரில் துணைநிற்கும் சுதந்திர மனிதன். அரசனைக் குறித்த சொல்லே இல்லை இது.

இதை மனதில் வைத்துக்கொண்டு என்ரிக்கேயிடம் திரும்புவோம். கிட்லாட் தன் படத்துக்கு நாயகனாக ஓர் அரசனையோ, மக்தான் தீவில் மெகல்லனை வீழ்த்திய உள்ளூர்த் தலைவர் லாப்பு லாப்புவையோ எடுத்துக்கொள்ளவில்லை. விடுதலை செய்வதாக எழுத்தில் வாக்குக் கொடுக்கப்பட்ட ஓர் அடிமையை எடுத்துக்கொண்டார். படத்தின் பலமே இந்தத் தேர்வுதான் என்பது என் முடிவு.

உயிலும் போர்வையும்

அந்த வாக்கு இன்றும் காகிதத்தில் இருக்கிறது. பயணம் புறப்படும் முன் 1519 ஆகஸ்ட் 24 அன்று செவில்லில் மெகல்லன் உயில் எழுதினார். மலாக்கா நகரத்தில் பிறந்த, ஏறத்தாழ 26 வயதுள்ள தன் அடிமை என்ரிக்கே, தான் இறக்கும் நாளிலிருந்து எந்தக் கட்டும் இல்லாமல் என்றைக்கும் விடுதலை பெற்றவன் என்று அதில் சொல்லியிருக்கிறார். பிழைப்புக்குச் சொத்திலிருந்து 10,000 மரவேதி கொடுக்க வேண்டும். அவன் கிறிஸ்தவன் என்பதாலும், தன் ஆன்மாவுக்காக ஜெபிக்க வேண்டும் என்பதாலும் இந்த விடுதலையாம்.

1521 ஏப்ரல் 27 அன்று மக்தான் கரையில் மெகல்லன் இறந்தார். உயிலின்படி அன்றே என்ரிக்கே சுதந்திர மனிதர். ஆனால் அடுத்த நாள்களில் அவரை நமக்குக் காட்டும் பிகஃபெட்டாவின் வரி என்னை விடவே இல்லை. சண்டையில் லேசான காயம். கரைக்குப் போக மறுத்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு கப்பலில் படுத்தே கிடந்தாராம். புதிதாகத் தலைமையேற்ற துவார்த்தே பார்போசா அவரைப் பார்த்துக் கத்துகிறார்: எஜமான் செத்துவிட்டால் உனக்கு விடுதலை வந்துவிடாது, ஸ்பெயின் போனதும் நீ அவர் மனைவி தோனா பெயாத்ரிஸின் அடிமை, இப்போது கரைக்குப் போகாவிட்டால் சவுக்கடி. என்ரிக்கே எழுந்தார். அந்தச் சொற்களைப் பொருட்படுத்தாதவர் போலக் கரைக்குப் போனார். செபு அரசர் ஹுமாபோனிடம் பேசினார். மே 1 அன்று அந்த அரசர் கொடுத்த விருந்துக்குப் போன கப்பல்காரர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பார்போசாவும் அதில் இறந்தார்.

துரோகம் என்று எழுதுகிறார் பிகஃபெட்டா. ஐரோப்பியப் பதிவில் என்ரிக்கேவுக்கு மொழிபெயர்ப்பாளர், துரோகி என்று இரண்டே வேடங்கள்தான். போர்வைக்குள் கிடந்த அந்தச் சில நாள்களில் அவர் மனதில் என்ன ஓடியது என்று யாரும் கேட்கவில்லை. கிட்லாட்டின் படம் அந்த இடைவெளிக்குள் நுழைகிறது. ஊர் திரும்பிய என்ரிக்கே தான் பார்த்த உலகத்தையெல்லாம் மரத்தில் செதுக்குகிறார். தோட்டம் முழுக்கச் சிற்பங்கள். எழுத்தில் இருக்கும் வரலாறு கப்பல்காரருடையது, மரத்தில் இருப்பது இவருடையது.

எரிக் டி கியா, கிட்லாட் ஆன கதை

கிட்லாட் தஹிமிக் என்றால் அமைதியான மின்னல். இயற்பெயர் எரிக் டி கியா. 1942இல் பாகியோவில் பிறந்தார். பாகியோ அமெரிக்கர்கள் தங்கள் கோடைக்காலத்துக்காக மலைமேல் கட்டிய நகரம். அமெரிக்காவின் வார்ட்டன் பள்ளியில் வணிக மேலாண்மை படித்து, பாரிஸில் ஓஇசிடி அமைப்பில் பொருளாதார வேலை பார்த்தார். வளரும் நாடுகள் எப்படி வளர வேண்டும் என்று ஆலோசனை சொல்லும் இடம் அது. அந்த வேலையை விட்டுவிட்டுக் கேமராவைத் தூக்கினார். 1977இல் வந்த முதல் படம் 'நறுமணக் கெட்ட கனவு' பெர்லினில் விமர்சகர் விருது பெற்றது. 2018இல் நாட்டின் உயரிய கௌரவமான தேசியக் கலைஞர் பட்டம் கிடைத்தது.

படிப்படியாக ஏறவேண்டிய ஏணியிலிருந்து இறங்கி வந்தவர் என்பதால்தான் என்ரிக்கே கதைக்கு 'மிதமிஞ்சிய வளர்ச்சியின் நினைவுகள்' என்று துணைப்பெயர் வைத்தார் என்று நினைக்கிறேன். பின்தங்கிய நாடு என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவரின் தலைப்பு அது.

ஒரு கோப்பைப் பெட்ரோல்

1979 வாக்கில் படப்பிடிப்பு தொடங்கியது. என்ரிக்கேயாக அவரே நடித்தார். 16 எம்எம் பிலிம். மெகல்லனின் கப்பலைக் காட்ட வேண்டும், ஸ்பெயின் அரசவையைக் காட்ட வேண்டும், பணம் கிடையாது. 1980களின் தொடக்கத்தில் அரைமணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான ஒரு துண்டு மட்டும் இருந்தது. பிள்ளைகள் வளர்ந்தார்கள், படம் கிடப்பில் போனது.

இதற்கு அவர் சொல்லும் விளக்கம் அழகானது. பெரிய ஸ்டுடியோக்காரர்கள் டாங்கை நிரப்பிக்கொண்டு, வரைபடத்தில் குறித்த நேரத்துக்கு ஊர் போய்ச் சேர்கிறார்கள். நான் ஒரு கோப்பைப் பெட்ரோலை ஊற்றிக் கொஞ்ச தூரம் போவேன், தீர்ந்ததும் நிற்பேன், அடுத்த கோப்பை கிடைக்கும்வரை அக்கம்பக்கம் பார்ப்பேன் என்கிறார். வழியில் தென்படுவது கதைக்குள் வரும்.

35 ஆண்டு கழித்து டிஜிட்டல் கேமராவோடு திரும்பி வந்தபோது பழைய நடிகர்களை வைத்துத் தொடர வழியில்லை. ஆனால் அவர் முகம் இருந்தது, அதற்கும் எழுபது வயது ஆகியிருந்தது. படத்தில் முப்பதுகளில் இருக்கும் இளம் என்ரிக்கேயும் தாடி நரைத்த கிழவரும் ஒரே ஆள்தான், இடையில் எந்த ஒப்பனையும் இல்லை. புதிய பகுதியில் அந்தக் கிழவரின் கதையைத் தேடிப் போகும் வழி வடக்கு லூசோன் மலைப்பகுதியான இஃபுகாவோவின் சிற்பக் கிராமத்தில் முடிகிறது. அவருடைய மகன்களும் படத்தில் வருகிறார்கள். பிலிமின் மணல் போன்ற நிறத்திலிருந்து வீடியோவின் பளிச்சென்ற பச்சைக்குப் படம் தாவும்போது, ஊர் திரும்ப ஒரு மனிதனுக்கு எத்தனை காலம் ஆகிறது என்பது கண்ணுக்கே தெரிகிறது. நிறையப் பணம் இருந்திருந்தால் இது கிடைத்திருக்காது. பெர்லினில் காட்டியது மூன்றாவது வடிவம். அதற்குப் பிறகும் எண் போட்டு மாற்றிக்கொண்டே இருந்தார்.

என்ரிக்கே பிலிப்பைன்ஸ்காரரா?

இந்தக் கேள்வியை நேர்மையாகக் கேட்டாக வேண்டும். உயில் மலாக்கா என்கிறது. பிகஃபெட்டா சுமத்ரா என்கிறார். என்ரிக்கே செபுப் பகுதியைச் சேர்ந்தவர் என்று பிலிப்பைன்ஸ் வரலாற்றாசிரியர் கார்லோஸ் கிரினோ வாதாடினார். லிமசாவா சம்பவம் அந்த வாதத்தின் தூண். ஆனால் அதே பக்கத்தில் பிகஃபெட்டா இன்னொன்றும் எழுதியிருக்கிறார். இரண்டு மணி நேரம் கழித்துப் பாய்க் கூரையின் கீழ் அமர்ந்து வந்த அரசருக்கு என்ரிக்கே பேசியது புரிந்தது, காரணம், அந்தப் பகுதியில் சாதாரண ஜனங்களைவிட அரசர்களுக்கு அதிக மொழிகள் தெரியும் என்கிறார். அப்படியானால் அவர்கள் பேசியது வணிக மொழியான மலாயாக இருக்கவே அதிக வாய்ப்பு. என் கணக்கில் இது அந்த வாதத்துக்கு நல்ல அடி.

மலாக்கா எப்படிப்பட்ட ஊர் என்று பார்த்தால் மொழி புரிந்ததில் ஆச்சரியமும் இல்லை. 1511இல் போர்ச்சுகீசியர் பிடித்தபோது அங்கே குஜராத்திகளும் ஜாவாக்காரர்களும் சீனர்களும் லூசோன் தீவிலிருந்து வந்தவர்களும் வணிகம் செய்தார்கள். கிளிங் என்று அழைக்கப்பட்ட சோழமண்டலக் கரையின் தமிழ் வணிகர்கள் அங்கே பெரும் புள்ளிகள். அவர்களில் நைனா சாத்து என்பவரைப் போர்ச்சுகீசியர் பெண்டஹாரா என்ற உயர் பதவியில் அமர்த்தினார்கள். நம் 'வகை' மலாய்க்குப் போய், அங்கிருந்து தகலாக்கில் 'பகாய்' ஆனதும் இந்தக் கடல்வழிப் பேச்சில்தான். இந்தச் சந்தடிக்குள்ளிருந்துதான் என்ரிக்கே தூக்கிச் செல்லப்பட்டார்.

சரி, அப்படியானால் படம் பொய் சொல்கிறதா? நான் அப்படிப் பார்க்கவில்லை. அவர் எங்கே பிறந்தவராக இருந்தாலும், செபுவிலிருந்து மலாக்கா வரை மிச்சமிருந்தது ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர், அதுவும் உள்ளூர் வணிகப் படகுகள் வழக்கமாகப் போய்வந்த கடல். 1522 செப்டம்பர் 6 அன்று, மெகல்லனின் பயணத்தை முடித்துவைத்த எல்கானோவோடு விக்டோரியா கப்பலில் 18 பேர் ஸ்பெயின் சேரும் முன்பே அவர் வீட்டு வாசலில் நின்றிருக்கலாம். நடந்திருக்கலாம் என்ற அளவில் படம் அதை வைத்துக்கொள்கிறது. தல்லானோ கதைபோலப் போலிப் பத்திரம் காட்டுவதில்லை. இதே பயணத்தை 2025இல் கான் விழாவுக்கு வந்த 'மகல்லன்' படத்தில் லாவ் டயஸும் எடுத்தார். லாப்பு லாப்பு என்ற வீரரையே சந்தேகிக்கும் படம் அது. நாட்டின் ஆதி வீரரைத் தொடவும் அங்கே இயக்குநர்களுக்குத் துணிச்சல் இருக்கிறது என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

மலைமேல் இருந்தவர்கள்

காலனி படாத நிலத்தைக் காட்டக் கிட்லாட் போவது கோர்டில்லெரா மலைகளுக்கு. ஸ்பெயினால் முந்நூறு ஆண்டுகளிலும் முழுதாக அடக்க முடியாத மலை அது. அங்கே கோவணம் கட்டிக்கொண்டு மரம் செதுக்கும் இஃபுகாவோ மக்களிடம் பிலிப்பைன்ஸ் என்ற பெயருக்கு முந்தைய அறிவு இருக்கிறது என்கிறார். 'இந்தியோ' என்பது ஸ்பானியர் உள்ளூர்க்காரர்களை மட்டமாக அழைத்த சொல். அதோடு மேதையைக் குறிக்கும் 'ஜீனியஸ்' என்ற சொல்லைச் சேர்த்து 'இந்தியோ-ஜீனியஸ்' என்று மாற்றி வைத்துக்கொண்டார். ஒவ்வொருவருக்குள்ளும் தன் சொந்தக் குறும்புத் தேவதை ஒன்று இருக்கிறது, அதைக் கேள் என்பார். அதற்கு அவர் வைத்த பெயரிலுள்ள 'துவெந்தே'யோ ஸ்பானியச் சொல்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இஃபுகாவோவின் நெல் படிவயல்கள் 2,000 ஆண்டுப் பழமையானவை என்றுதான் பள்ளியில் சொல்லித்தருவார்கள். ஸ்டீபன் அகபாடோ குழுவினரின் அகழாய்வுகள் வேறு சொல்கின்றன. அங்கே நன்செய் நெல் பரவியது ஸ்பானியர் வடக்கு லூசோனுக்கு வந்த பிறகு. கீழ்ச் சமவெளியிலிருந்து மேலே ஏறி வந்த மக்கள், எதிர்த்து நிற்கப் பலம் வேண்டும் என்று குறுகிய காலத்தில் மலையைச் செதுக்கி வயலாக்கினார்கள். படத்தின் வாதத்தை இது கெடுத்துவிடும் என்று முதலில் நினைத்தேன். அப்புறம் யோசித்தால் இன்னும் உறுதியாக்குகிறது. ஆளப்படாத மக்கள் என்றால் எதுவும் அண்டாமல் அருங்காட்சியகத்தில் இருந்தவர்கள் என்று அர்த்தமில்லை. ஆபத்தைப் பார்த்துத் தங்கள் வழியில் பதில் செய்தவர்கள். அவர்கள் கட்டியது நெல் விளையும் பதில்.

படத்தில் என் மனக்குறையும் இந்த இடத்தில்தான். இரண்டரை மணி நேரத்தில் இஃபுகாவோ மக்கள் பெரும்பாலும் ஞானத்தின் உருவமாகவே வருகிறார்கள். 2001இலிருந்து 2012 வரை அந்தப் படிவயல்கள் யுனெஸ்கோவின் ஆபத்துப் பட்டியலில் இருந்தன. இளைஞர்கள் நகரத்துக்குப் போக, வரப்புகள் இடிந்தன. அந்த இளைஞர்களும் பாலிக்பாயன்கள் ஆகப்போகிறவர்கள்தானே. கிட்லாட்டின் அம்மா பாகியோ நகரின் முதல் பெண் மேயர். வசதியான வீட்டிலிருந்து மலைக்குப் போனவரின் அன்பு படம் முழுக்கத் தெரிகிறது, ஆனால் மலைக்காரர்களின் சலிப்பும் கோபமும் அதில் அதிகம் கேட்கவில்லை. அது கேட்டிருந்தால் எனக்கு இன்னும் பிடித்திருக்கும்.

மத்ரித், 1887உம் 2021உம்

மத்ரித் நகரின் ரெத்தீரோ பூங்காவில் கண்ணாடி மாளிகை ஒன்று இருக்கிறது. 1887இல் ஸ்பெயின் நடத்திய பிலிப்பைன்ஸ் கண்காட்சிக்காகக் கட்டியது. செடிகொடிகளோடு, கோர்டில்லெரா மலை மக்களான இகரோத்துகள் உட்படத் தீவுகளின் மனிதர்களையும் கொண்டுவந்து பூங்காவில் காட்சிக்கு வைத்தார்கள். சிலர் அங்கேயே நோயில் இறந்தார்கள். அப்போது ஐரோப்பாவில் இருந்த பிலிப்பைன்ஸ் எழுத்தாளர் ஹோசே ரிசால் இதைக் கேட்டுக் கொதித்துப்போனார்.

மெகல்லன் வந்து 500 ஆண்டு ஆன 2021இல், அதே மாளிகைக்குள் தன் சிற்பங்களை நிரப்பும் வாய்ப்பு ரெய்னா சோஃபியா அருங்காட்சியகம் மூலம் கிட்லாட்டுக்குக் கிடைத்தது. அவருக்கு வயது 79. மரத்தில் செதுக்கிய கப்பல், மலைத் தெய்வங்கள், அவற்றோடு மோதும் ஹாலிவுட் உருவங்கள் எல்லாம் அங்கே போய் இறங்கின. 134 ஆண்டுக்கு முன் அவர் மலையின் மனிதர்களை வேடிக்கை பார்த்த கண்ணாடிகளுக்குள் அந்த மலையின் கைவேலை இம்முறை தன் பெயரோடு நின்றது. நேரில் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. புகைப்படங்களில் கூரை வழியே விழும் வெயிலில் மரத்தின் ரேகைகள் தெரிந்தன. என்ரிக்கேயின் தோட்டம் அப்படியே அங்கே எடுத்து நடப்பட்டது போலிருந்தது.

பதிவில் என்ரிக்கே கடைசியாக வரும் இடம் செபு கடற்கரை. விருந்துக் கொலை முடிந்ததும் பார்போசாவோடு தலைமையேற்றிருந்த செராவோவைக் காயங்களோடு கட்டிக் கரைக்கு இழுத்து வருகிறார்கள். மற்றவர்கள் எல்லாரும் செத்துவிட்டார்களா, மொழிபெயர்ப்பாளருமா என்று கப்பலிலிருந்து கத்திக் கேட்கிறார்கள். எல்லாரும் செத்துவிட்டார்கள், அவன் ஒருவனைத் தவிர என்கிறார் செராவோ. தன்னை மீட்டுக்கொள்ளும்படி அவர் கெஞ்சக் கெஞ்சக் கப்பல்கள் கிளம்பிவிட்டன. கரையில் நின்ற மொழிபெயர்ப்பாளரைப் பற்றி பிகஃபெட்டா அதற்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. கிட்லாட்டின் கேமரா கப்பலில் ஏறாமல் அவரோடு கரையிலேயே தங்கிவிட்டது.